மாதிரி விடை

அந்தத் தாளில் வினுஷாவின் பெயர் இருந்ததா, இல்லையா என்பது யோகராணிக்கு இப்போது சரியாக நினைவில்லை. இருந்தது, பிறகுதான் அழித்தேன் என்று சில நாட்களில் தோன்றும். முதலிலிருந்தே பெயரில்லாமல்தான் தட்டச்சு செய்தேன் என்று வேறு சில நாட்களில் தோன்றும். ஏழு பிரதி எடுத்தது மட்டும் நிச்சயம்.

புலம்பெயர்ந்த தமிழர் வாழும் பென்டில் ஹில்லில், பலசரக்குக் கடைக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில், பரமட்டாவில் நடக்கவிருந்த வேலைவாய்ப்புச் சந்தைக்கு யோகராணி சனிக்கிழமைகளில் பிள்ளைகளைத் தயார்ப்படுத்தினாள். இருபது வருடம் ஆட்சேர்ப்புப் பிரிவில் இருந்தவள். என்ன கேட்பார்கள் என்று தெரியும். ஒரு காப்புறுதி நிறுவனம் அங்கேயே ஒருவரைத் தெரிந்தெடுத்து, வேலை கொடுத்துப் படிக்கவும் வைப்பதாக அறிவித்திருந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு அது பத்தோடு பதினோராவது மேசை. வினுஷாவுக்கு அது ஒன்றுதான் வழி. எட்டு வயதில் அகதியாகப் படகில் வந்தவள். அவளுடைய தற்காலிக விசாவுக்குப் பல்கலைக்கழகப் படிப்புக்கான அரசாங்கக் கடன் கிடையாது.

"நீங்கள் தாண்டி வந்த ஒரு கஷ்டம். கட்டாயம் கேப்பினம். செந்தூரன், நீர் சொல்லும்."

"ஹெச்.எஸ்.சி. சோதினை நேரம் அம்மா என்ர ப்ளேஸ்டேஷனை ஒளிச்சு வைச்சவ, அன்ரி."

எல்லோரும் சிரித்தார்கள். யோகராணியின் மகள் மிருணாளினி கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

வினுஷா தன் முறை வந்ததும் எழுந்து நின்றாள். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னாள். பதினெட்டு நாள் படகு. கடைசி நாட்களில் ஆளுக்கு ஒரு போத்தல் மூடித் தண்ணீர். கை நடுங்காத பிள்ளை என்று அளந்து கொடுக்கும் வேலையை அவளிடம் விட்டிருந்தார்கள். ஒரு மாமா இரண்டாவது மூடி கேட்டார். அவள் கொடுக்கவில்லை. விடிந்தபோது அவர் எழும்பவில்லை.

மண்டபத்தில் ஒருவரும் அசையவில்லை. யோகராணியும்தான். ஆனால் அவள் மனம் அதற்குள் நேரத்தைக் கணக்கிட்டுவிட்டது: தொண்ணூறு வினாடி. எட்டு வயதில் பொறுப்பு, நேர்மை. இதைவிட நல்ல விடை கிடைக்காது.

"நல்லாயிருக்குப் பிள்ளை. ஆனா அந்த மாமாவை விடும். கேக்கிற ஆக்களுக்குப் பாரமாப் போயிடும்."

"அவர்தான் அன்ரி கதையே."

"வேலை வேணுமெல்லோ?"

"ஓம்."

அடுத்த வாரம், மாமா இல்லாத அந்தக் கதை மாதிரி விடையாக எல்லோர் கையிலும் இருந்தது. வினுஷா தன் பிரதியை நாலாக மடித்துப் பையில் வைத்தாள். இப்படி உங்கட கதையை எழுதுங்கோ என்றுதான் யோகராணி சொன்னாள். சொன்னதாகத்தான் நினைவு. ஆனால் அந்தப் பிள்ளைகள், தமிழ்ப் பேச்சுப்போட்டிக்கு அம்மா எழுதிக் கொடுத்ததைப் பொருள் தெரியாமலே மனப்பாடம் செய்து கிண்ணம் வாங்கி வளர்ந்தவர்கள். மிருணாளினியின் அலுமாரியில் அப்படி ஒன்பது கிண்ணங்கள் இருந்தன.

சந்தையன்று காப்புறுதி நிறுவனத்தின் மேசை வரிசையில் வினுஷா கடைசி. யோகராணி தண்ணீர்ப் போத்தல்களோடு பக்கத்தில் நின்றாள். வினுஷா மூடியில் அளந்த இடத்துக்கு வந்தபோது, மேசைக்குப் பின்னால் இருந்த பெண் மெல்லக் கையை உயர்த்தினாள். இந்தக் கதையை இன்று ஏற்கெனவே மூன்று பேர் சொல்லிவிட்டார்கள் என்றாள். கோபமில்லை, களைப்புத்தான்.

வினுஷா திரும்பி யோகராணியைப் பார்த்தாள்.

ஒரு வசனம் போதும். இது இந்தப் பிள்ளையின் கதை என்று ஒரே ஒரு வசனம். மேசையின் மறுகோடியில் மிருணாளினி அந்த நிறுவனத்தின் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். யோகராணி கையிலிருந்த போத்தலின் மூடியைத் திருகித் திறந்தாள். திரும்ப மூடினாள்.

வினுஷா மாமாவைப் பற்றியும் சொன்னாள். முழுவதும் சொன்னாள். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் புன்னகைத்தாள். இந்தப் பகுதி புதிது, நன்றாகச் சேர்த்திருக்கிறாய் என்றாள்.

திரும்பும்போது காரில் மிருணாளினிதான் தொடங்கினாள்.

"யூ கேவ் இட் டு அஸ், அம்மா. பிறகேன் முகத்தை நீட்டுறீங்கள்?"

மிருணாளினிக்கு அந்த வேலை கிடைத்தது. அலுப்பாக இருக்கிறது என்று ஐந்தாம் மாதம் விட்டுவிட்டாள். செந்தூரன் தகப்பனின் கடையில் நிற்கிறான். வினுஷா ஒரு தொழிற்சாலையில் கோழி இறைச்சி பொதி செய்கிறாள். கடையில் கண்டால், "சுகமோ அன்ரி?" என்று மட்டும் கேட்பாள்.

யோகராணி இன்னும் சனிக்கிழமைகளில் வகுப்பு எடுக்கிறாள். தாள் அதேதான்.

"இது ஆரின்ர கதை, அன்ரி?" என்று போன வாரம் ஒரு புதுப் பிள்ளை கேட்டாள்.

"சும்மா ஒரு மாதிரிக்குத்தான். பாடமாக்காதையும்."

அந்தப் பிள்ளையின் உதடுகள் ஏற்கெனவே அசையத் தொடங்கியிருந்தன.