அவட குரலக் கொஞ்சம் குறைங்க

சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் தேங்காய் துருவினால், இன்றைக்கு என்ன கறி என்று மூன்றாம் வீட்டில் சொல்லிவிடுவார்கள். சுவரோடு சுவர் ஒட்டிய அந்த ஊரில் சத்தம் வெளியேறாத ஒரே அறையைக் கட்டியவன் பர்ஸான். கொழும்பு ஸ்டூடியோக்களில் வயர் சுருட்டி, தேநீர் வாங்கிக் கொடுத்து, மெல்ல மெல்ல ஒலி கலக்கும் மிக்ஸருக்கு முன்னால் உட்காரும் அளவுக்கு வந்தவன். கலியாணம் முடித்து றுஸ்தாவின் வீட்டுக்கு வந்ததும் பின்னறைச் சுவரெல்லாம் பழைய மெத்தையும் முட்டைத் தட்டும் அடித்து, வாசலில் 'இசைத் தயாரிப்பாளர்' என்று பலகையும் மாட்டினான்.

மாமியார் சல்மா உம்மா அறையைச் சும்மா கொடுக்கவில்லை.

"ஹஜ்ஜுப் பெருநாளைக்குள்ள இதுக்குள்ளால ஒரு பாட்டு வரோணும் மகன். வராட்டி கட்டாருக்கு றைவர் வேலைக்குப் போங்க. விசா ரெடியா இரிக்கி."

பாட ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. மிக்ஸரைத் தொட்ட கையால் ஸ்டியரிங் பிடிப்பதை நினைத்தாலே பர்ஸானுக்கு அழுகை வந்தது.

கடைசியில் பக்கத்து வீட்டு முகைதீன்பாவா வந்தார். அவருக்குப் பாட்டு வேண்டாம்.

"தம்பி, உள்ளுக்கு நிண்டு கத்தினா வெளிய கேக்காதாமே?"

"ஓம் காக்கா. வெடி போட்டாலும் கேக்காது."

"அப்ப நில்லுங்க, ஊட்டுக்காரியக் கூட்டிட்டு வாறன்."

பாவம், கலியாணம் முடித்த நாளிலிருந்து அக்கம்பக்கத்துக்குப் பயந்து குசுகுசுவென்றே சண்டை பிடித்து வந்த மனிதர். மனைவி சித்தி லைலா பெருநாள் உடுப்பு உடுத்து, சென்ட் பூசி வந்து சேர்ந்தார்.

பர்ஸான் தொழில் தெரிந்தவன். மைக் வைத்தால் ஹெட்போன் கொடுக்க வேண்டும். கொடுத்தால் காதில் எது கூட வேண்டும், எது குறைய வேண்டும் என்று கேட்க வேண்டும். கேட்டான்.

"எனக்கு எக்கோ போடுங்க. அவட குரலக் கொஞ்சம் குறைங்க" என்றார் முகைதீன்பாவா.

"அவர்ர குரல முழுசாவே எடுத்துருங்க தம்பி" என்றார் சித்தி லைலா.

அவரவர் குரல் மட்டும், அதுவும் எக்கோவோடு, அவரவர் காதில் முழங்க, இருவரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். வெளியே வந்தபோது தலை முழுகியவர்களைப் போல முகம் தெளிந்திருந்தது. போகும் வழியில் ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டார்களாம்.

பிறகு கேட்கவா வேண்டும்! மருதமுனையிலிருந்தெல்லாம் முச்சக்கர வண்டி பிடித்துத் தம்பதிகள் வந்தார்கள். காத்திருந்தவர்களுக்குச் சல்மா உம்மாவே இஞ்சித் தேத்தண்ணி ஊற்றினார். ஆனால் பிடி மட்டும் விடவில்லை. "சண்டை பாட்டாகாது மகன்" என்றார்.

பெருநாளுக்கு முதல் நாள் றுஸ்தா சிவந்த கண்ணோடு வந்து நின்றாள். "ஊரெல்லாம் கத்தியாச்சி. நமக்கும் சண்டை இரிக்கி. வாங்க மச்சான்."

உள்ளே போய் ஹெட்போன் மாட்டினார்கள். பழகிப்போன கை, யாரும் கேட்காமலே, அவன் காதில் அவள் குரலையும் அவள் காதில் அவன் குரலையும் இறக்கிவிட்டது. இருவரும் ஆசை தீரக் கத்திவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்கள்.

"என்ன முடிவு?" என்று கேட்டபடி சல்மா உம்மா உள்ளே வந்தார்.

ஒருவர் சொன்னது மற்றவருக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. அப்போதுதான் பர்ஸான் மிக்ஸரில் சிவப்பு விளக்கைக் கண்டான். பழகிய கை பதிவுப் பொத்தானையும் அழுத்தியிருந்தது. போட்டுக் காட்டினான்.

"போறன், கட்டாருக்கே போறன்! நீ நிம்மதியா இரி!" என்று அவன் குரல் எக்கோவோடு அலறியது. அதற்கு அடியில் இன்னொரு குரல்.

"போகவேணாம் மச்சான். பாட்டு வராட்டிப் பறவாயில்ல. நீங்க இல்லாத ஊட்டுல எனக்கு என்ன இரிக்கி?"

இதையா குறைத்து வைத்திருந்தேன் என்று பர்ஸானுக்கு உயிரே போனது. தன் குரலை முழுதாக இறக்கி, அவள் குரலை ஏற்றி, மறுபடி போட்டான். றுஸ்தா சுவர்ப் பக்கம் திரும்பி முட்டைத் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சல்மா உம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "ஊடு அவட பேர்ல. அவ போகவேணாமெண்டா நான் ஆரு அனுப்ப?"

வாசல் வரை போனவர் திரும்பினார். "என்ட புள்ளக்கும் கொஞ்சம் எக்கோ போடுங்க மகன்."

"வேணாம் மாமி" என்றான் பர்ஸான். "இது இப்பிடியே கேக்கட்டும்."