மாதிரி வீட்டில் மனாசே

மெல்பர்னுக்கு மேற்கே புதுப்புதுத் தெருக்கள் முளைத்துக்கொண்டிருந்த பகுதியில், டைல்ஸ் ஒட்டும் கோரானிடம் கையாளாக இருந்தான் பசிபிக் தீவு நாடான டோங்காவிலிருந்து வந்த மனாசே. கோரான் சம்பளத்தைக் கூட்டிய அதே வாரம் வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டினார்.

“அவருக்குப் போட்டுக் குடுத்தது நீதானே?” என்று கோரானிடம் பாய்ந்தான் மனாசே.

“உன் வீட்டுக்காரன் யாருன்னே எனக்குத் தெரியாதுய்யா!”

வாடகை கட்டினால் சோறில்லை, பெட்ரோல் போட்டால் இரண்டும் இல்லை. மனாசே அறையைக் காலி செய்துவிட்டு, தானே கலவை குழைத்துக் கொடுத்த ஒரு ‘மாதிரி வீட்டு’க்குப் பெட்டியோடு குடிபோனான். வாங்க வருபவர்களுக்குக் காட்டுவதற்காகக் கட்டில், சோபா எல்லாம் போட்டு அலங்கரித்த வீடு. ஞாயிறன்றுதான் ஆள் வரும் என்று நினைத்திருந்தான்.

சனிக்கிழமை காலையே வந்துவிட்டார்கள். விற்பனைக்காரி பிரான்வின் ஒரு வயதான தம்பதிக்குக் குளியலறைக் கதவைத் திறந்து காட்டினாள். தொட்டியில் கழுத்துவரை நுரையோடு மனாசே சர்ச் பாட்டை உச்சத்தில் பிடித்திருந்தான்.

“இவரு யாரும்மா?” என்றார் பெரியவர்.

“தொட்டி ஒழுகுதான்னு பாக்கறாரு” என்றாள் பிரான்வின், முகம் வெளுத்து.

“ஒழுகலை” என்றான் மனாசே.

“பாட்டு எதுக்கு?”

“எதிரொலிக்குதான்னு பாக்கறேங்க.”

“அடுப்புல ஏதோ வேகுதே?” என்றார் பெரியவரின் மனைவி.

“அதுவும் சோதனைதாங்க.”

சேப்பங்கிழங்கு இலையில் தேங்காய்ப்பாலும் டின் மாட்டிறைச்சியும் பொதிந்து வெந்துகொண்டிருந்தது. அந்த அம்மாள் ருசி பார்க்க உட்கார்ந்தார். பெரியவர் இரண்டாம் தட்டு முடித்து, விரலைச் சூப்பிக்கொண்டே, “வாங்கிக்கறோம்” என்றார்.

அவர்கள் போனதும் பிரான்வின் குளியலறை வாசலுக்கு வந்து கத்தினாள். “வெக்கமா இல்ல உனக்கு?”

“துண்டு இல்லாம நிக்கறேன், வெக்கமாத்தான் இருக்கு. கொஞ்சம் திரும்பிக்கோ.”

திரும்பி அடுப்புப் பக்கம் போனவள் மிச்சப் பொதியைப் பிரித்துத் தின்றாள். தின்று முடிப்பதற்குள் குரல் இறங்கிவிட்டது. “பின்தெருவுல மூணு வீடு விலைபோகாம கிடக்கு. நீ அங்க தங்கிக்கோ. சனிக்கிழமை சனிக்கிழமை சமைப்பியா?”

“சமைக்கறேன். கறி கம்பெனி செலவு. நான் குளிக்கும்போது கதவைத் திறக்கக் கூடாது.”

வாடகை இல்லாததால் முதல்முறையாகச் சம்பளம் கையில் தங்கியது. வீடுகளோ ஒவ்வொன்றாக விற்றுத் தீர்ந்தன. மனாசே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தான்.

தான் முடைந்த பாயை அனுப்ப விலாசம் கேட்டு ஊரிலிருந்து அம்மா போன் செய்தாள்.

“சனிக்கிழமை கழிச்சுக் கேளும்மா. அதுக்குள்ள இந்த வீடும் வித்துரும்.”

“வீடு விக்கறியா? எத்தனை வீடுடா வச்சிருக்கே?”

அவன் விளக்குவதற்குள் அவள் போனை வைத்துவிட்டுச் சர்ச்சுக்குச் சொல்லப் போய்விட்டாள். அந்த வாரமே மாமன் மகன்கள் மூன்று பேர், மெல்பர்னில் எந்த வீடு தங்களுக்கு என்று கேட்டுச் செய்தி அனுப்பினார்கள்.