தொட்டது, விழவில்லை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திருத்தணி ரயில் நிலையத்தில் பாயின்ட்ஸ்மேனாக இருந்த பரந்தாமன் 1979இல் ஒருநாள் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து என்னிடம் இரண்டு வாக்கியம் சொன்னார். "எங்க கெங்கம்மா அக்கா வளத்த தெருநாயி அரக்கோணத்திலே தாண்டற போட்டியிலே மெடல் வாங்கிச்சு." இது முதலாவது. டீயைக் குடித்துவிட்டு, கிளாஸை உதறிக் கீழே வைத்து, "ஆனா தொட்டுச்சு" என்றார். இது இரண்டாவது.

முதல் வாக்கியத்துக்காக நான் பேனாவைத் திறந்திருக்க மாட்டேன். எனக்கு நாய்மேல் பிரியம் கிடையாது. கல்லுடைக்கிற கூட்டத்தில் வளர்ந்தவன். ஒன்பது வயதில் நாய் கடித்து, தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி வாங்கியவன். நாயும் எஜமானியும் கட்டிக்கொண்டு அழுவார்கள் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இரண்டாவது வாக்கியந்தான் என்னை விடவில்லை. எதைத் தொட்டது? தொட்டால் என்ன குடிமுழுகிப் போயிற்று? மற்றதைப் பிறகு அவரிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கினேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"மலைமேல் மணியோசை எழுந்தபோது, கீழே ஊர்—"

விட்டுவிட்டேன். திருத்தணி என்றதும் மலையைக் காட்டுவது பஸ்ஸில் வந்து இறங்குகிறவன் வேலை. அந்த நெசவுத் தெருவில் விடிந்ததும் யாரும் மலையைப் பார்ப்பதில்லை. தெருவில் இழுத்துக் கட்டிய பாவு நூலைப் பார்ப்பார்கள்.

அடுத்து: "கெங்கம்மாளுக்குப் பிள்ளை இல்லை, அதனால் நாயை—"

இதையும் அடித்துவிட்டேன். அவளுக்கு இரண்டு பெண்கள் இருந்தார்கள். இருவரும் நன்றாகவே சாப்பிட்டார்கள். பிள்ளை இல்லாதவள்தான் நாய் வளர்ப்பாள் என்று எவன் சொன்னான்?

மூன்றாவது நின்றது. அது இதுதான்:

கெங்கம்மாளின் புருஷன் கோதண்டபாணி நாயை அடித்தான்.

3

(பாவு தெரியாதவர்களுக்கு: தறியில் ஏற்றுமுன் நெடுக்கு நூலையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, சோற்றுக் கஞ்சி பூசிக் காயவைப்பார்கள். முழங்காலுக்குச் சற்று மேலே உயரம், இரண்டரை முழ அகலம், ஆயிரக்கணக்கான இழை. இதை வெயில் ஏறுமுன் முடித்தாக வேண்டும்.)

கஞ்சி வாசனைக்கு நாய் வரும். பாவுக்கு அடியில் புகுந்து சொட்டுவதை நக்கும். நக்குகிற நாய் தலையைத் தூக்கினால் இழை அறும். அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போடுவதற்குள் வெயில் வந்துவிடும், கஞ்சி விறைத்துவிடும், பாவு பாழ். அந்தத் தெருவில் நாய்க்கும் நெசவுக்காரனுக்கும் இருந்த பகை அப்படிப்பட்டது.

கோதண்டபாணி மூங்கில் கழியால் போட்ட போட்டில் நாயின் இடது காது இரண்டாகக் கிழிந்தது. கெங்கம்மாள் வீட்டு வாசலில் மீந்ததைத் தின்று வளர்ந்த செம்பட்டை நாய் அது. பெயர் கஞ்சி. தெரு வசைக்காக வைத்த பெயர். அதையே கூப்பிட்டால் வாலாட்டியது.

அடி வாங்கிய பிறகு கஞ்சி பாவுக்கு அடியில் போகவே இல்லை. ஆனால் சோறு இந்தப் பக்கம், நிழல் அந்தப் பக்கம், நடுவில் பாவு. மூன்றாம் நாள் காலை அது பின்னால் நகர்ந்து, ஓடிவந்து எகிறியது. கஞ்சிச் சட்டியோடு நின்ற கெங்கம்மாள் பார்த்தாள். ஓர் இழை ஆடவில்லை.

கார்த்திகையில் ராஜவேலுவின் பாவு ஒன்று பாழாயிற்று. ராஜவேலு அந்தத் தெருவுக்குப் பெரியவர். எந்த நாய் என்று யாரும் பார்க்கவில்லை. தெருவில் பெயர் உள்ள நாய் ஒன்றுதான்; பழியும் அதன்மேல்தான் விழுந்தது.

"நாய் புடிக்கிற வண்டி வரட்டும், குடுத்துடலாம்" என்றார் ராஜவேலு. அந்த வண்டியில் ஏறிய நாய் எதுவும் திரும்பியதில்லை.

"கஞ்சி தொடாது நைனா" என்றாள் கெங்கம்மாள். "அடியிலே பூராது, மேலே தாண்டும். தெனம் நான் பாத்துகினுதான் கீறேன்."

"நாயி தாண்டுதாம், இந்தம்மா பாத்துகினு கீதாம்! தாண்டுதா இல்லையான்னு பாக்கறதுக்கு எவன் தன் பாவைக் குடுப்பான்?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்போது பரந்தாமன் குறுக்கே வந்தார். அவர் கெங்கம்மாளுக்கு ஒன்றுவிட்ட தம்பி.

"பாவு எதுக்கு? பொங்கல் கழிச்சு அரக்கோணத்திலே மாட்டுக் கண்காட்சி வெக்கிறாங்க. நாயிங்களுக்குத் தாண்டற போட்டி கீது. குச்சி வெச்சுத் தாண்ட வுடுவாங்க. ஸ்டேஷன்லே நோட்டீசு ஒட்டிக் கீது."

"சரி, அங்கே தொடாம தாண்டிகினு வரட்டும். அப்பறம் நான் வாயைத் தொறக்கல" என்றார் ராஜவேலு. "தொட்டுதுன்னா?"

"தொட்டுதுன்னா என் கையாலயே வண்டியிலே ஏத்தறேன்."

சொல்லிவிட்டாள். எழுதுகிறவன் அடித்துத் திருத்தலாம். தெரு நடுவில் சொன்னதை அப்படித் திருத்த முடியாது.

4

இரண்டு மாதம் இருந்தது. மத்தியானம் தறிச் சத்தம் ஓய்கிற நேரத்தில் தெருக்கோடியில் செங்கல்லை இரண்டு அடுக்காக அடுக்கி, மேலே மூங்கில் குச்சியை வைத்து, "எகிறு" என்றாள்.

கஞ்சி குச்சியைச் சுற்றிக்கொண்டு வந்து அவள் காலடியில் உட்கார்ந்தது.

அதற்குப் பாவுதான் பாவு, குச்சி குச்சி. அன்று மாலைக்குள் கெங்கம்மாளுக்கு இது புரிந்துவிட்டது. மறுநாள் குச்சிக்குக் கஞ்சி பூசினாள். வாசனை பட்டதும் நாய் பின்னால் நகர்ந்து ஓடிவந்து தாண்டியது. கருவாட்டுத் தலை ஒன்று கொடுத்தாள். பிறகு பாதிக் குச்சிக்குக் கஞ்சி, பிறகு ஒரு விரல் அளவு, பிறகு வெறும் மூங்கில். இதற்கே இருபது நாள் போயிற்று.

அடுத்த வம்பு உயரத்தில் வந்தது. பாவு அகலம்; குச்சி உயரம். கஞ்சி அகலம் தாண்டிப் பழகிய நாய். தூரத்திலேயே காலைத் தூக்கி, தாழ்வாக, நீளமாகப் பாயும். ஏழு செங்கல் வரை சரி. எட்டாவது செங்கல்லில் பின்னங்கால் குச்சியை அடித்துத் தள்ளியது. ஒன்பது நாள் இதே கதை.

பரந்தாமன் வேலை முடிந்து வருகிற வழியில் நின்று பார்த்தார். "அக்கா, மெட்ராஸ் மெயில் மாதிரி நேரா போவுது பாரு. அதுக்கு மேலேன்னு ஒண்ணு கீதுன்னே தெரியலை."

கெங்கம்மாள் குச்சிக்கு நான்கு முழம் முன்னால் மூன்று செங்கல் உயரத்தில் இன்னொரு குச்சியை வைத்தாள். சின்னதைத் தாண்டி இறங்கினால் பெரியதற்கு முன்னால் நீளப் பாய இடம் இருக்காது. நிமிர்ந்துதான் எழும்ப வேண்டும். முதல் நாள் கஞ்சி நடுவில் நின்று குரைத்தது. இரண்டாம் நாளும் குரைத்தது. நான்காம் நாள் எழும்பியது.

(இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. போலீஸ் நாய்களை இப்படித்தான் பழக்குகிறார்கள் என்று பின்னால் ஒருவர் எனக்குச் சொன்னார். அவரிடம் கெங்கம்மாளைப் பற்றிச் சொன்னேன். நம்பவில்லை.)

5

இங்கே நிறுத்தி ஒரு குறையைச் சொல்ல வேண்டும். கோதண்டபாணி எனக்குச் சரியாக வரவில்லை.

முதல் பிரதியில் அவன் குடிகாரன். அது சோம்பேறித்தனம். இரண்டாம் பிரதியில், நாயைப் பார்த்துப் பார்த்து மனம் இளகி, அதன் கிழிந்த காதைத் தடவி—

வாக்கியத்தை முடிக்காமலே அடித்துவிட்டேன். பாவுதான் அவன் சோறு. சோற்றில் வாய் வைத்ததை அடித்தான். தடவ மாட்டான்.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கே பிடிக்காதது. கஞ்சியை முதலில் எகிற வைத்தது கெங்கம்மாளின் கருவாடு இல்லை, அவன் கழி. இதை மறைத்துவிட்டுக் கதை எழுதினால் பொய். கல்லுடைக்கிற இடத்தில் மேஸ்திரியின் பிரம்பும் எனக்குச் சிலதைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. அதற்காகப் பிரம்புக்கு நான் நன்றி சொன்னதில்லை.

ஆகவே அவனைப் பேச மட்டும் விடுகிறேன்.

"இன்னாடி, வேலையை வுட்டுட்டு நாயி வேலை பாத்துகினு கீறே?"

"நாயி வேலை இல்லய்யா. என் வாயி செஞ்ச வேலை. சொல்லிட்டேன் இல்ல?"

"சொல்லும்போது என்னைக் கேட்டியா?"

"அடிக்கும்போது நீ என்னைக் கேட்டியா?"

அவன் உள்ளே போய்த் தறியில் உட்கார்ந்தான். சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

6

அரக்கோணம். 1973, தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அன்று மாட்டைவிட நாயைப் பார்க்கத்தான் கூட்டம். இரண்டு அல்சேஷன், ஒரு டாபர்மேன், நான்கு ராஜபாளையம், காதில் கிழிசலோடு கஞ்சி.

பெயர் எழுதுகிறவர் கேட்டார்: "என்ன ஜாதி நாய்?"

"தெரு" என்றார் பரந்தாமன்.

"தெருன்னு எழுத முடியாதுய்யா."

"அப்போ நெசவாளர் தெருன்னு எழுதிக்குங்க சார்."

விதி சுலபமானது. வரிசையாக ஐந்து குச்சி, ஒன்றைவிட ஒன்று உயரம். குச்சி விழுந்தால் நாய் வெளியே. நடுவர் இதை இரண்டு தடவை சத்தமாகச் சொன்னார். விழக்கூடாது என்றார். தொடக்கூடாது என்று அவர் சொல்லவே இல்லை.

ஒரு அல்சேஷன் நான்காவதைத் தள்ளியது. ராஜபாளையத்தில் மூன்று அதற்கு முன்பே போய்விட்டன. டாபர்மேன் ஓடவே மறுத்து உட்கார்ந்துவிட்டது. கெங்கம்மாள் ஐந்தாவது குச்சிக்கு அப்பால் போய் நின்று, முந்தானையைச் செருகிக்கொண்டு, "எகிறு" என்றாள்.

ஒன்று. இரண்டு. மூன்றில் கூட்டம் கத்தத் தொடங்கியது. நான்கு. ஐந்தாவதில் கஞ்சி நிமிர்ந்துதான் எழும்பியது; மார்பும் முன்கால்களும் ஒரு சாண் மேலேயே போயின. பின்னங்கால் நகம் ஒன்று மட்டும் குச்சியில் பட்டது. டிக்.

குச்சி ஆடவில்லை. விழவில்லை. அந்தக் கூச்சலில் அந்தச் சத்தம் யாருக்கும் கேட்டிருக்காது. நான்கடி தள்ளி நின்றவளுக்குக் கேட்டது.

மொத்தம் மூன்று நாய்கள் குச்சி விழாமல் தாண்டியிருந்தன. மூன்றுக்கும் மெடல்.

7

திரும்பி வருகிற ரயிலில் அவள் முகத்தைப் பார்த்துப் பரந்தாமன் தோண்டித் தோண்டிக் கேட்டார். சொன்னாள்.

"யாரும் பாக்கலைக்கா. ஜட்ஜே பாக்கலை. மெடலைக் காட்டு, வாயை மூடிகினு இரு."

"எனக்குக் கேட்டுச்சுடா."

"ஒனக்குத்தானே கேட்டுச்சு?"

"ஆங். எனக்குத்தான்."

தெருவில் ராஜவேலு உட்பட இருபது பேர் நின்றிருந்தார்கள். பரந்தாமன் மெடலைத் தூக்கிக் காட்டினார். யாரோ விசில் அடித்தார்கள். ராஜவேலு மெடலை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டார்.

"தொட்டுதா?"

இங்கேதான் எனக்கு வேலை. நான் எழுதிய முடிவுகள்:

(அ) "தொடலை நைனா" என்றாள். தெரு கைதட்டியது. நாய்—

அடித்துவிட்டேன். இரண்டு மாதம் செங்கல் அடுக்கியவளை ஒரே சொல்லில் நான் கவிழ்த்துவிட்டேன்.

(ஆ) அவள் பேசாமல் நின்றாள். மௌனத்தையே ராஜவேலு பதிலாக—

அடித்துவிட்டேன். கெங்கம்மாள் பேசாமல் நிற்கிறவள் இல்லை.

(இ) அவள் வாயைத் திறப்பதற்குள் பரந்தாமன் முந்திக்கொண்டு, "தொடலை, தொடலை" என்றார்.

இது நடந்தேயிருக்கிறது. பரந்தாமனே என்னிடம் சொன்னார். ஆனால் அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் சொன்னாள்:

"தொட்டுச்சு நைனா. கடைசிக் குச்சியிலே பின்னங்காலு. வுழலை. ஆனா தொட்டுச்சு."

ராஜவேலு மெடலை அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். அவருக்கும் அந்தப் பதில் பிடித்திருக்காது. பெரிய மனுஷன், அவரும் தெரு நடுவில்தான் பேசியிருந்தார்.

"வண்டி செவ்வாக்கெழமை வருது" என்றார்.

"தெரியும்" என்றாள்.

8

திங்கட்கிழமையைப் பற்றிப் பரந்தாமன் எதுவும் சொல்லவில்லை. இது நான் எழுதுவது.

மத்தியானம், தறிகள் ஓய்ந்ததும், கெங்கம்மாள் தெருக்கோடிக்குப் போய்ச் செங்கல்லை அடுக்கினாள். பக்கத்தில் கஞ்சி நின்றது.

பரந்தாமன் ஓடிவந்தார். "இனிமே எதுக்குக்கா இது? நாளைக்கு வண்டி."

"பின்னங்காலு தொங்குது. அது சரியாவணும்."

"சரியாயி?"

"சரியாவணும்."

எகிறு என்றாள். எகிறியது. டிக். மறுபடி. டிக். கதவுகளில் ஆட்கள் வந்து நின்றார்கள். யாரும் கிட்டே வரவில்லை. வியர்வையில் ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டியது. பதினோராவது தடவையும் டிக்.

அப்போது கோதண்டபாணி வெளியே வந்தான். நாய் அவனைக் கண்டதும் பின்வாங்கியது. அவன் அதைப் பார்க்கவே இல்லை. சுவர் ஓரத்திலிருந்து இரண்டு செங்கல் எடுத்தான். பக்கத்துக்கு ஒன்றாக அடுக்கின்மேல் வைத்து, குச்சியை இன்னும் உயரமாக்கினான்.

"தாண்ட முடிஞ்ச ஒசரத்தையே வெச்சுகினு இருந்தா எந்த நாயிடி காலை மடக்கும்?" என்று அவளைத் திட்டிவிட்டு உள்ளே போனான்.

இதை நான் திட்டமிடவில்லை. ஐந்தாம் பகுதியில் அவனைக் கைவிட்டுவிட்டுத்தான் வந்தேன். அவனாகவே எழுந்து வந்தான்.

பன்னிரண்டாவது தடவை சத்தம் இல்லை. பதின்மூன்றாவது தடவையும் இல்லை. கெங்கம்மாள் சிரிக்கவில்லை, குச்சியை எடுத்து, மறுபடி சரியாக வைத்து, பதினான்காவதற்குத் தயாரானாள்.

செவ்வாய்க்கிழமையை நான் எழுதப்போவதில்லை. பரந்தாமனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம், கேட்கவில்லை. அதை நீங்கள் எழுதுங்கள். வண்டி தெருமுனையில் திரும்பும்போது யார் குறுக்கே போய் நிற்பது, யார் கதவைச் சாத்திக்கொள்வது, ராஜவேலு தன் சொல்லை விழுங்குவதா துப்புவதா, எல்லாம் உங்கள் பாடு. யாரை வேண்டுமானாலும் நல்லவர் ஆக்கிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. கெங்கம்மாளை மட்டும் பொய் சொல்ல வைத்துவிடாதீர்கள். நான் மூன்று விதமாக முயன்று பார்த்துவிட்டேன். அவள் மசியவில்லை.