ஆவக்காய் ஜாடியில் ஒரு நண்டு

வண்டிச் சக்கரம் வாய்க்காலில் இறங்கியதை ஜெயக்கொடி கவனிக்கவில்லை. பெட்டிக்குள் கண்ணாடி உடைந்த சத்தம்தான் அவளைத் தூக்கிப்போட்டது.

ஜப்பான்காரன் கரையோரத்தில் குண்டு போடப்போகிறான் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த சித்திரை மாதம் அது. கடல் ஆராய்ச்சி நிலையம், தான் சேர்த்துவைத்திருந்த உயிரினங்களை ஸ்பிரிட்டில் மிதந்தபடியே இராஜபாளையத்துப் பஞ்சுக் கிட்டங்கிக்கு அனுப்பியது. துணைக்கு வந்தவள் அங்கே உதவியாளராக இருந்த ஜெயக்கொடி. ரயிலில் இவ்வளவு தூரம் பத்திரமாக வந்துவிட்டு, கிட்டங்கி வாசல் தெரியும் தூரத்தில் இப்படி.

கடலையே பாராத அந்தத் தெருவில் கடல் வாடை எழுந்தது. வைக்கோலில் நண்டுகள் சிதறிக் கிடந்தன. அவற்றுள் ஒன்று சுண்டுவிரல் நகமளவு. உலகத்தில் வேறு யாருக்கும் இன்னொன்று அகப்பட்டதில்லை. காய்ந்தால் கால் உதிர்ந்துவிடும்.

"போச்சா தாயி?" என்றான் வண்டிக்காரன் இருளப்பசாமி.

"போகல. கேன்ல ஸ்பிரிட் இருக்கு. ஒரு ஜாடிதான் வேணும்."

எதிர்வீட்டு முற்றத்தில் ஆவக்காய் ஊறுகாய்க்கு மாங்காய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு புது ஜாடி வெயிலில் பளபளத்தது. ஜெயக்கொடி அந்தச் சின்ன நண்டைக் கையில் பொத்திக்கொண்டு நேரே உள்ளே போய்க் கேட்டாள்.

"மக வீட்டுக்கு அனுப்ப வாங்குனது, நண்டு போடவா கேக்கே?" என்றாள் வீட்டுக்காரி பெத்தம்மாள். "பழசு தாரேன், எடுத்துக்கோ."

"பழசுல எண்ணெயும் உப்பும் ஏறியிருக்கும்மா. புதுசுதான் வேணும். திருப்பியும் தர மாட்டேன்."

"இதேமி அநியாயம்!" பெத்தம்மாளுக்குத் தெலுங்கே வந்துவிட்டது. "கேக்கிற வாயப் பாரு!"

மாங்காய் வெட்டியவர்கள் சிரித்தார்கள். ஜெயக்கொடி உள்ளங்கையை விரித்தாள். பெத்தம்மாள் குனிந்து பார்த்தாள்.

"இதுக்கா இம்புட்டுச் சண்டை? ஒரு வாய்க்குக் காணாதே."

"இது ஒண்ணுதாம்மா இருக்கு. உலகத்துக்கே."

"ஒண்ணே ஒண்ணா?"

பெத்தம்மாள் இன்னும் செத்த நேரம் அதையே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, மாங்காய் வெட்டிய ஒருத்தியைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி முத்துப்பேச்சி, ஜாடியத் துடைச்சுக் குடு. மகளுக்குப் பழசு போதும். எதுல அனுப்பினாலும் அவ மாமியா கொறைதான் சொல்லப்போறா."

ஜெயக்கொடி ஒவ்வொரு நண்டையும் அதன் பெயர்ச்சீட்டோடு கட்டுத்துணியில் சுற்றி உள்ளே அடுக்கினாள். சின்னது எல்லாவற்றுக்கும் மேலே. ஸ்பிரிட் கழுத்துவரை ஏறியது. மூடிக்கு மேல் துணி போட்டு, ஆவக்காய்க்குக் கட்டுவதுபோலவே இறுக்கிக் கட்டியது பெத்தம்மாள்தான்.

வண்டி கிளம்பும்போது வாசலுக்கு ஓடிவந்தாள்.

"ஆவக்காய் மாதிரி மூணா நாளு வந்து கிளறி விடணுமா?"

"பாக்க வாங்கம்மா," என்றாள் ஜெயக்கொடி, ஜாடியை மடியில் அணைத்தபடி. "கரண்டி மட்டும் கொண்டாராதீங்க."