பிரிஜட்டுக்கு ஏற்கெனவே கல்யாணமாகிவிட்டது

1

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் லிஃப்ட் வாசலில் ஒரு போலீஸ் நோட்டீஸ்: ஃபோனில் வரும் லிங்க்கைத் தொடாதீர்கள், உங்கள் அடையாளத்தைத் திருடிவிடுவார்கள், சட்டம் கடுமையானது. அதிலிருந்துதான் இந்தக் கதை வந்தது. வந்தது என்றால், "முடியாது ஃபாதர்" என்று ஓர் ஆண் குரல் கேட்டது. எனக்குக் கதைகள் அப்படித்தான். முகம் பிறகு வரும், சிலசமயம் வரவே வராது.

2

தொடக்கம்: 1982. ஜாலான் புசாரில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலை—

(வேண்டாம். மழை பெய்தால் எல்லாரும் உள்ளே போய்விடுவார்கள். பேச ஆள் இருக்காது.)

மறுபடி. ஃபேரர் பார்க் வட்டாரத்துப் பிரிஜட் பஸ்ஸில் கைப்பையைத் தொலைத்தாள். உள்ளே அவளுடைய அடையாளக் கார்டு. புதுசு வாங்கிக்கொண்டு மறந்தும்விட்டாள். சில வருஷம் கழித்து அலெக்சாண்டரோடு கல்யாணம் நிச்சயமாகி, மாதா கோயிலில் ஓலை வாசித்தார்கள்: ஃபேரர் பார்க் சவரிராஜ் மகள் பிரிஜட்டை இன்னார் மணக்கப்போகிறார், தடை இருந்தால் சொல்லலாம்.

(யாரும் சொல்லமாட்டார்கள். அது இருமிக்கொள்வதற்கான இடைவெளி.)

பின்வரிசையில் ஆம்ப்ரோஸ் எழுந்தான். ரிஜிஸ்டர் கல்யாணம் முடித்தவன். கோயில் கல்யாணத்துக்கு நாள் கேட்க மனைவியோடு வந்திருந்தான்.

"முடியாது ஃபாதர். அந்தப் பொண்ணு என் பொண்டாட்டி. இதோ, பக்கத்துல உக்காந்திருக்கா."

"அப்ப நான் யாரு?" என்றாள் முன்வரிசையில் பிரிஜட்.

அலெக்சாண்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை என்று அவசரமாகச் சொன்னானாம்.

3

பஸ்ஸில் அந்தக் கார்டை எடுத்தவளை, அதாவது ஆம்ப்ரோஸ் மனைவியை, வில்லியாக எழுதினால் சுலபம். அதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். எல்லைக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜொகூரிலிருந்து வந்தவள், கையில் எந்தப் பத்திரமும் இல்லை. ஃபாக்டரி வேலைக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. அங்கேதான் ஆம்ப்ரோஸ் அறிமுகம்; கல்யாணப் பதிவும் அந்தப் பெயரிலேயே. காதலுக்கென்று வேறு பெயர் சொல்ல முடியுமா?*

* சட்டப் புத்தகம் இதை ஆள்மாறாட்ட மோசடி என்கிறது. இணையத்துக்கு ரொம்ப மூத்த குற்றம். ஜெயில் உண்டு.

4

முடிவு (அ): பிரிஜட் அவளை மன்னித்து, கட்டிப்பிடித்து—

பிரிஜட்டே நிறுத்திவிட்டாள். "நான் மன்னிச்சுட்டா, ரெக்கார்டுல ஆம்ப்ரோஸ் பொண்டாட்டியாவே கெடப்பேன்லா. உங்களுக்கென்ன ஆன்ட்டி, எழுதிட்டுப் போயிடுவீங்க."

நியாயம்தான். சட்டத்தைக் கூப்பிடாமல் இவளுக்குக் கல்யாணம் நடக்காது.

முடிவு (ஆ): போலீஸ் ஸ்டேஷனில் பிரிஜட். "அவ உள்ள போகணும்னு எனக்கு ஆசையில்ல சார். என் பேரு எனக்குத் திரும்ப வேணும், அவ்வளவுதான். மண்டபம் வேற சொல்லியாச்சு."

மற்றவளும் வந்திருந்தாள், யாரும் இழுத்து வரவில்லை. நடந்ததெல்லாம் தானே சொல்கிறேன், அந்தக் கல்யாணப் பதிவைச் செல்லாததாக்கி பிரிஜட்டை விட்டுவிடுங்கள் என்றாள். பக்கத்தில் ஆம்ப்ரோஸ், உம்மென்று, ஆனால் பக்கத்தில். அதிகாரி டைப்ரைட்டரில் தாளைச் செருகி, அவள் சொந்தப் பெயரைக் கேட்டார்.

"ஆமா, சொல்லு," என்றான் ஆம்ப்ரோஸ். "நானும் தெரிஞ்சுக்கிறேன்."

அவளுக்கென்று ஒரு பெயர் வைத்திருந்தேன், நல்ல பெயர். இப்போதுதான் கோடு போட்டு அடித்தேன். அடுத்தவர் பெயரில் அவள் இருந்தது போதும். நீங்களும் ஒன்று வைத்துவிடாதீர்கள். கொஞ்சம் பேசாமல் இருங்கள். வாயைத் திறக்கிறாள்.