கண்ணுக்குப் பின்னால் ஒரு பட்டை

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. தங்கை போனில் கொண்டுவந்து கொட்டியது.

"அக்கா, கண்ணுக்குப் பின்னாடி ஒரு பட்டை வெச்சுத் தைக்கணுமாம். எதுல பண்ணின பட்டைன்னு என்னையே யோசிச்சுச் சொல்லச் சொல்றாங்க. துணிக்கடையா இது?"

'இருள் அவளை நெருங்கிக்கொண்டிருந்தது' என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன்.

(நெருங்கியது இருள் அல்ல. கடுமையான கிட்டப்பார்வையில் விழி பின்பக்கமாக நீண்டுகொண்டே போகும். உள்ளே விழித்திரை இழுபட்டு நைந்துபோகும். வலது கண் அப்படித்தான் போனது. மிச்சம் இடது.)

2

அவள் அழகு நிலையத்தில் புருவம் திருத்துகிறவள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்தபடி, மூக்கோடு மூக்கு உரசுமளவுக்குக் குனிவாள். புதிதாக வருகிறவர்கள் மிரண்டுபோவார்கள்.

மருத்துவர் மூன்று வழி சொன்னார். இறந்தவர் தானம் தந்த கண்ணின் வெள்ளைத் தோல். இல்லாவிட்டால் அவளுடைய தொடைத் தசையைப் போர்த்தியிருக்கும் சவ்வு. அதுவும் வேண்டாமென்றால் செயற்கை வலை.

"எது நல்லது டாக்டர்?"

"மூணுலயும் நல்லதும் இருக்கு, தொல்லையும் இருக்கு."

"பார்வை கூடுமா?"

"கூடாதும்மா. மேல நீளாமப் பிடிச்சு நிறுத்தப் பாக்கறோம். நிக்கும்னு உறுதியாச் சொல்ல முடியாது."

வீட்டில் அவள் கணவர் கேட்டார்: "தொடையிலேருந்து எடுத்தா, உக்காரும்போதெல்லாம் கண்ணு வலிக்குமா?"

அவரே சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. சிரிப்பை நிறுத்திவிட்டு, "இருக்கறது ஒரு கண்ணு. அதுல போய்க் கத்தி வெக்கணுமா?" என்றார். அவள் இருவர் தட்டையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

3

(புருவம் திருத்திக்கொள்ள வந்த இந்தப் பெண்ணை இரண்டு முறை கதையிலிருந்து வெட்டினேன். சொல்லிவைத்தாற்போல் வருகிறாள், யார் நம்புவார்கள்? ஆனால் அவள் வந்தது வந்ததுதான்.)

நாற்காலியில் சாய்ந்திருந்தவள் தானாகப் பேசினாள். "எங்கம்மா போனப்ப கண்ணைக் குடுத்துட்டோம். யாருக்குன்னு சொல்லமாட்டாங்களாம். பஸ்ல எதிர்ல உக்கார்றவங்க கண்ணையெல்லாம் உத்து உத்துப் பாக்கறேன். திட்டறாங்க."

தங்கையின் கை நின்றது. வெள்ளைத் தோலை எடுத்து இன்னொருவர் கண்ணுக்குப் பின்னால் வைத்திருந்தால் வெளியே தெரியாது, எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது என்று சொல்ல வந்தாள். வாயிலிருந்து நூலை எடுத்தவள், "கண்ண மூடிக்குங்க" என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலமே எனக்குப் போன். "தானமா வந்ததையே வைக்கச் சொல்லிட்டேன்."

"தொடைச் சவ்வுன்னுதானே சொல்லிட்டிருந்த? ஏன்டி?"

"தெரியலக்கா."

(இங்கே ஒரு காரணம் வேண்டும். இரக்கம் என்று எழுதினேன். அவள் அப்படி உருகுகிற ஆள் இல்லை. பயம் என்று எழுதினேன், பயந்திருந்தால் அவள்…

விட்டுவிட்டேன். அவளுக்கே தெரியாதது எனக்கெப்படித் தெரியும்?)

4

அறுவை முடிந்து கட்டைப் பிரித்தார்கள். கணவர் எட்ட நின்று விரல்களைக் காட்டினார்.

"முன்ன மாதிரியேதான் தெரியுது" என்றாள்.

"கூடலையா?"

"இல்ல."

"குறையலையே?"

"இல்ல."

அவர் குழம்பிப்போய் நர்ஸைப் பார்த்தார். "இப்ப நாங்க சந்தோஷப்படணுமா, வேணாமா?"

"ஆறு மாசம் கழிச்சு அளந்தாதான் தெரியும், சார்."

என் சிக்கலும் அதுதான். ஒன்றுமே நடக்காமல் இருப்பதுதான் வெற்றி என்றால், கதையை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? விழி அப்படியே இருக்கிறது என்று ஒரு முடிவு எழுதிவைத்தேன். நீண்டிருக்கிறது என்று இன்னொன்று. பட்டை தளர்ந்து, இடது கண்ணும்…

இதை எழுதமாட்டேன்.

5

ஆறு மாதம் ஆகிவிட்டது. இன்று அளக்கிறார்கள். ஆஸ்பத்திரி வரிசையில் தங்கை என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

"கதை முடிஞ்சுதா?"

"எங்க முடியுது."

"அளவு அப்படியே இருந்தா என்ன எழுதுவ?"

"ஒண்ணும் நடக்கலன்னு."

"அத யாரு படிப்பா?"

அவளே சொன்னாள்: "நான் படிப்பேன். கிட்ட வெச்சு."

உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். என்னைத் துணைக்கு அழைக்காமல் எழுந்து போனாள். கதவு பாதி திறந்தே இருக்கிறது. எட்டிப் பார்ப்பதானால் நீங்கள் பாருங்கள். நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.