டன் கணக்கில் ஒரு குண்டான்

ஞாயிறு மதியம் லிபேனா சாப்பிட வருகிறாள் என்று கணவன் வீலெம் சொன்னதிலிருந்தே யர்மிலாவுக்கு மனசு சரியில்லை. பிராக்கில் இருக்கும் அரசுத் திட்ட அலுவலகத்தில் அவனோடு ஒரே அறையில் உட்கார்ந்து, நாட்டின் அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தைப் போடுகிறவள். வீட்டில் சூப் ஆறும்வரை அவள் பேச்சுதான். லிபேனா இப்படிச் சொன்னாள், லிபேனா அப்படிச் சிரித்தாள்.

வந்தவள் அழகாக வேறு இருந்தாள்.

மாவு உருளைகள் வெந்துவிட்டன. குண்டானை இறக்கப் போன யர்மிலாவுக்கு மணிக்கட்டு சுளீரென்றது. காலியாக இருந்தாலே குழந்தை கனம். குண்டான் செய்யும் தொழிற்சாலைக்குத் திட்டத்தில் போட்ட இலக்கு டன் எடையில்தான். தடிமனாக வார்த்தால் சீக்கிரம் எட்டிவிடலாம் என்று வார்த்துத் தள்ளினார்கள். கடையில் வேறு குண்டானே கிடையாது.

"விடுங்க, நானும் பிடிக்கிறேன்." பின்னாலேயே வந்த லிபேனா ஒரு காதைப் பிடித்துத் தூக்கினாள். "அம்மாடி! இதுதானா அந்தக் குண்டான்?"

"எந்தக் குண்டான்?"

"மீட்டிங்ல உங்க வீட்டுக்காரர் பண்ணின ரகளை தெரியாதா? 'எம் பொண்டாட்டிக்கு ராத்திரியெல்லாம் கை வலிக்குது, இனிமே டன் கணக்கு வேண்டாம், எத்தனை குண்டான்னு எண்ணுங்க'ன்னு டைரக்டரோடயே சண்டை! அன்னையிலேர்ந்து அவர் பேரே தோழர் மணிக்கட்டு. ஜெயிச்சுட்டார். ஆனா பாருங்க, இனிமே எண்ணிக்கைக்காகக் காகிதம் மாதிரி மெலிசா தட்டி அனுப்பப் போறாங்க!"

சிரித்துக்கொண்டே அவள் கூடத்துக்குப் போனாள். யர்மிலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வலியை இத்தனை நாள் வீலெமிடமிருந்து மூடி மறைத்திருந்தாள். ஆனால் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதை யாரிடம் போய்ச் சொல்லியிருக்கிறான்!

வீலெம் எட்டிப் பார்த்தபோது, வெந்த உருளையைத் துண்டு போட, அந்த ஊர் வழக்கப்படி அதைச் சுற்றித் தையல் நூலைப் போட்டு வெடுக்கென்று இழுத்து அறுத்துக்கொண்டிருந்தாள்.

"என் கை வலிக்கிறது அவளுக்குத் தெரியும். ஆபீஸுக்கே தெரியும். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"டன் கணக்கை மாத்திட்டுச் சொல்லலாம்னு..."

"இப்போ கேளு."

வீலெம் அவள் விரல்களிலிருந்து நூலை மெல்ல அவிழ்த்தான். "வலிக்குதா, யர்மி?"

"வலிக்குது."

மீதியை அவனே கோணல்மாணலாக அறுத்து அடுக்கி, தட்டைத் தூக்கினான்.

"நில்லு," என்றாள் யர்மிலா. "விருந்தாளின்னு அவளுக்கு முதல்ல போடாதே. எனக்குப் போடு. அப்புறம்தான் அவளுக்கு."